மூன்றில் ஒரு பங்கு பேசிய கணினி

எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "சாப்டாச்சா" இல்லை, "இன்னிக்கு எந்த ஷிப்ட்?" என்பதுதான். எனக்கு எந்த ஷிப்டும் கிடையாது. அப்பாவின் பெயரில் இருக்கும் குவார்ட்டர்ஸின் முன்னறையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், லுங்கியோடு உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். இப்படி ஒருவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் இந்த ஊர் திணறுகிறது. "பெர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால், பாவம் இன்னும் வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான், எங்கேயாவது நான் பெரிய ஆளாக இருந்தே தீருவது என்ற வெறி எனக்கு வந்திருக்க வேண்டும்.

பெரிய ஆளாக இருக்க ஓர் இடமும் கிடைத்தது. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைத் தமிழில் பழக வசதியாக மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னக் குழு. கணினியை எழுப்பி, மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் உட்கார இடம் கொடுப்பதுதான் இயங்குதளத்தின் வேலை. குழுவில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் மின்னஞ்சல் வழிப் பழக்கம். சம்பளம் கிடையாது. ஆனால் சண்டை உண்டு, அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மற்றவர்கள் நாலு வரி எழுதினால் நான் நாற்பது வரி எழுதுவேன்.

அந்தக் குழுவுக்குள் நான் போனதற்குக் காரணம் என் அக்கா. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருடமாக ஆபரேட்டர். கான்ட்ராக்ட்தான். அவளோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேறு இடத்தில் பெர்மனென்ட் ஆகிப் போக, அவள் மட்டும் ஹெட்போனோடு அதே நாற்காலியில் இருந்தாள். வாய் மட்டும் எங்கள் வீட்டில் யாரைவிடவும் அவளுக்குத்தான் பெர்மனென்ட் என்று அப்பா சொல்வார். அவள் கணினி பழக ஆசைப்பட்டபோது, திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்கிற மென்பொருள் இங்கிலீஷை ஒழுங்காக வாசித்தது, தமிழ் வந்தால் ஊமையாகிவிட்டது. தமிழ் வரிகளை வாங்கிக் குரலுக்கு அனுப்பும் ஒரு பகுதியை நான் எழுதிச் சேர்த்தேன். அக்கா முதல் தடவை தமிழ் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "நியூஸ் படிக்கிறவனுக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கு, ஆனா புரியுது" என்றாள். நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே நல்ல சான்றிதழ் அது.

அதை எழுதியது பைத்தான் என்கிற நிரல்மொழியில், அதன் பழைய வெர்ஷனில். பிறகு பைத்தானில் மூன்றாம் வெர்ஷன் வந்தது. வழக்கமாகப் புது வெர்ஷன் என்றால் பழையதில் ஓடினதெல்லாம் இதிலும் ஓடும். இதில் ஓடாது. மொழியைச் செய்தவர்களே, பழைய தப்புகளைச் சுமந்துகொண்டு போக மாட்டோம், எல்லோரும் உங்கள் நிரல்களைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உலகம் முணுமுணுத்துக்கொண்டே திருத்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் இயங்குதளம் மட்டும் பழையதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் பழையதில் ஓட்டை விழுந்தாலும் அடைக்க ஆள் கிடையாது என்ற நிலை வந்த பிறகுதான் குழுவில் பேச்சே எழுந்தது.

புதியதைக் கொண்டுவர வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சேத்தியாத்தோப்பில் பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லித்தருகிற ஒருவர் மட்டும், "கொஞ்ச நாளைக்கு இரண்டு வெர்ஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். எது உடைகிறது என்று பார்த்துக்கொண்டு பழையதை எடுக்கலாம்" என்று அடக்கமாக எழுதினார். அதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் அன்று எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. "பயப்படுகிறவர்கள் பழையதைக் கட்டிக்கொண்டு அழுங்கள்" என்று ஆரம்பித்து ஒரு நீளமான மின்னஞ்சல் போட்டேன். அதில் 'வரலாறு' என்ற சொல் வந்தது. 'துணிவு' வந்தது. எட்டுப் பேர் படிக்கிற ஒரு மின்னஞ்சலில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க ஒரு நல்ல மனிதர்கூட அங்கே இல்லை. கடைசியில், "என் அக்காவின் கணினியில் பழையதைச் சுத்தமாக அழித்துவிட்டு, புதியதை மட்டும் ஏற்றிக் காட்டுகிறேன். திரைவாசிப்பான் ஓடினால் வாயை மூடிக்கொள்வீர்களா?" என்று சவாலும் விட்டேன்.

இந்தச் சவாலை விட்ட நேரம்தான் நேரம். அக்காவின் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு பெர்மனென்ட் ஆபரேட்டர் இடத்துக்குத் தேர்வு அறிவித்திருந்தார்கள். பார்வையில்லாதவர்கள் தேர்வை எழுத இரண்டு வழி. கேள்வியை வாசித்து, சொல்லும் பதிலை எழுத ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாம். அல்லது சொந்தக் கணினியைக் கொண்டுவந்து, அவர்கள் ஃபைலாகத் தரும் கேள்வித்தாளை அது வாசிக்கக் கேட்டு அதிலேயே டைப் அடிக்கலாம். எது என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. அக்கா எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சரிடம் பேசி வைத்திருந்தாள். டீச்சரும் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டிலேயே ஒருத்தன் உலகத்துக்கே திரைவாசிப்பான் எழுதிக் கொடுக்கிறான், நீ டீச்சரைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறாயா என்று குதித்தேன்.

"டீச்சர் தெளிவா படிப்பாங்கடா. சந்தேகம்னா இன்னொரு தடவ கேக்கலாம்" என்றாள் அக்கா.

"மெஷின்கிட்ட நூறு தடவ கேளு. மூஞ்ச சுளிக்காது."

"பாதியில மக்கர் பண்ணாதே?"

"நான் எழுதினது அக்கா."

"அதான் கேக்கறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஏன்டி அவன நோவடிக்கற, வூட்டுப் புள்ள சொல்றத கேளேன்" என்றாள். அம்மா பண்ருட்டிப் பக்கம். என்னை எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள், அதனால் வந்த வினைகளைத் தனியாக எழுதலாம். அக்காவும், "சரி, மெஷின்னே போடு" என்றாள். விண்ணப்பத்தில் நான்தான் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்ததும் நான்தான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய வெர்ஷனில் அந்தக் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு முடிந்த பிறகு புதியதை ஏற்றியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. ஆனால் குழுவில் சவால் விட்டாயிற்று. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. 'புதிய வெர்ஷனோடு என் அக்கா தேர்வே எழுதிவிட்டு வந்தாள்' என்று ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதியும் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை தேர்வு. சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

என் தப்பு என்ன என்பதைச் சொல்ல வேண்டும், கணினி தெரியாதவர்களுக்கும் புரியும். பழைய பைத்தானுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றை ஒன்றாக எண்ணும், தமிழ்க் குறி ஒன்றை மூன்று துண்டாக எண்ணும். ஆகவே ஒரு வரியில் இத்தனை துண்டு என்று அது சொன்னால், அதை மூன்றால் வகுத்து, இத்தனை எழுத்து என்று குரலுக்குச் சொல்ல வேண்டும். என் நிரலில் அப்படி ஒரு வகுத்தல் இருந்தது. தமிழில் நிரல் எழுதுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய கைவேலை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. புதிய பைத்தான் தமிழைத் துண்டு போடுவதில்லை. ஒன்றை ஒன்றாகவே எண்ணுகிறது. அப்படியானால் வகுக்கவே கூடாது. வகுத்தால் வரியில் மூன்றில் ஒரு பங்குதான் குரலுக்குப் போகும்.

இதில் கொடுமை என்னவென்றால், புதிய பைத்தான் என்னை எச்சரித்தது. வகுத்தலுக்குப் போடும் சாய்கோடு புதியதில் வேறு மாதிரி வேலை செய்யும் என்பதால், சரியாக அந்த வரிக்கு வந்ததும் ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டது. நின்று, விரலை நீட்டி அந்த வரியையே காட்டியது. நான் என்ன செய்தேன்? ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு கோடு போட்டால் பழையபடி வகுக்கும் என்று விதி இருக்கிறது. இன்னொரு கோட்டைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். ஏன் வகுக்கிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். எங்கே, அடுத்த மின்னஞ்சலுக்கு வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேனே.

சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோதித்தேன். எப்போதும் சோதிக்கிற வரியை வைத்தே சோதித்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் நிறுத்தம் என்றால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காக வருவார்கள். எதையும் மூன்று தடவை சொல்வார்கள். அதே ராகம், அதே சொல், மூன்று தடவை. நான் முதன்முதலில் நிரலைச் சோதிக்க ஒரு நீளமான வரி தேவைப்பட்டபோது எனக்கு மனப்பாடமாக இருந்தது அதுதான். 'குடியிருப்போர் கவனத்திற்கு, பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை தண்ணீர் வராது' என்று ஒரே வரியில் மூன்று தடவை ஒட்டி வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கணினி அதை வாசித்தது. 'தண்ணீர் வராது' வரைக்கும் கணீரென்று வந்தது. நான் கைதட்டிவிட்டு எழுந்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் எவனாவது அந்த அறிவிப்பை மூன்று தடவையும் நின்று கேட்பானா? முதல் தடவை காதில் விழுந்ததும் குடத்தைத் தேடிப் போய்விடுவோம். மிச்ச இரண்டு தடவையும் காற்றோடு போகும். கணினி ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

"தமிழும் நல்லா பாத்தியா?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்தாச்சு. கேட்டியே."

"தண்ணி வராதுன்னு கேட்டுச்சு. நெசமா வராதா, டெஸ்டா?"

"டெஸ்ட்தான்."

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பயிற்சி செய்தாள், இங்கிலீஷில். போன தடவை தேர்வு எழுதிய ஒருத்தி எல்லாம் இங்கிலீஷில்தான் வரும் என்று சொல்லிவிட்டிருந்தாள். இங்கிலீஷ் என் நிரல் பக்கமே வராது, அது பிழைத்துக்கொண்டது. நான் அன்று குழுவுக்கு வெற்றி மின்னஞ்சல் போட்டேன். சேத்தியாத்தோப்பு வாத்தியார், "மகிழ்ச்சி. அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்" என்று பதில் போட்டார். அவர் தோற்றுப்போனதை நாசூக்காக ஒப்புக்கொள்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் அக்காவை ஏற்றிக்கொண்டு தேர்வு நடக்கும் இடத்துக்குப் போனேன். லேப்டாப் பையை அவள் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து, பிளக் சொருகிக் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடிக்கு வந்தேன். அங்கே துணைக்கு வந்தவர்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஒருவர் தம்பிக்காக வந்தவர், உள்ளே தம்பிக்கு வாசித்துக் காட்ட ஒரு காலேஜ் பையனைப் பிடித்ததைச் சொன்னார். நான் விடுவேனா? இந்தக் காலத்தில் ஆளை நம்பலாமா என்று ஆரம்பித்து, தொழில்நுட்பம், சுயமரியாதை, பைத்தான் மூன்று என்று அவர் பீடியை அணைக்கும் வரை பேசினேன். "நல்லதுங்க. நம்பர் குடுங்க, தம்பிக்கும் போட்டுத் தாங்க" என்றார். கொடுத்தேன்.

அக்கா வெளியே வந்தபோது கம்பை வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தாள். ஓடிப்போய்ப் பையை வாங்கினேன்.

"எப்படி அக்கா?"

"தமிழ்ல குடுத்துட்டாங்கடா."

"நல்லதுதானே."

"தேனீயப் பத்தி ஒரு பக்கம். உன் மெஷினு 'தேனீக்கள் கூட்டமாக'ன்னுது. சரி, மேல சொல்லும்னு இருந்தேன். அடுத்த வரிக்குப் பூடுது. எல்லா வரியும் அப்படியே. ஆரம்பிக்குது, வுட்டுடுது."

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கேள்விகளுக்குப் போனாளாம். பெரும்பாலான கேள்விகள் 'கீழ்க்கண்டவற்றுள் எது' என்று தொடங்கும் வகை. கணினி, 'கீழ்க்கண்டவற்றுள்' என்றது. அடுத்த கேள்விக்குப் போனாள். 'கீழ்க்கண்டவற்றுள்' என்றது. எழுத்து எழுத்தாகவாவது கேட்கலாம் என்று அம்புக்குறியை அழுத்திப் பார்த்தாளாம். சத்தமே இல்லை. ஒற்றை எழுத்தை மூன்றால் வகுத்தால் பூஜ்யம்தானே, எங்கிருந்து சத்தம் வரும்.

"கையத் தூக்கினேன். சூப்பர்வைசர் வந்தாரு. நல்ல மனுஷன்டா. பாத்துட்டு, 'ஸ்கிரீன்ல எல்லாம் முழுசா இருக்கேம்மா'ன்னாரு. நான் படிச்சிக் காட்டட்டுமான்னு மேலிடத்துக்குப் போன் பண்ணிக்கூடக் கேட்டாரு. மெஷின்னு எழுதிக் குடுத்துட்டதால முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். சாரிம்மான்னாரு. நான் இன்னா சொல்றது, பரவாயில்ல சார்ன்னேன்."

"நீ என்ன பண்ணினே?"

"தெரிஞ்ச வரைக்கும் அடிச்சேன். மிச்சத்த வுட்டுட்டேன்."

வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள், "மொள்ளப் போடா, இப்ப அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். முடிவு வரப் பல நாள் ஆனது. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். அக்கா இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு முடிவு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நிரலைத் திறந்தேன். அந்த வரி என்னைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தது. வகுத்தலை எடுத்தேன். வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அம்மா கொடுத்த காப்பி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. ஏதாவது பெரிய கோளாறாக இருந்திருக்கக் கூடாதா, நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்குமே.

"அக்கா, பழையதையே திரும்பப் போட்டுடறேன்" என்றேன்.

"பழசு, புதுசுல இன்னாடா இருக்கு? இப்ப சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு."

"அப்ப அத வை." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தேர்வுக்குக் குடுத்த ஃபைல் உள்ளதான் இருக்கும். அத எடு."

"எதுக்கு அக்கா இப்ப?"

"எடுடா."

எடுத்தேன். கணினி வாசிக்க ஆரம்பித்தது. அதே சளி பிடித்த குரல், ஆனால் ஒரு வரிகூட விடாமல் தேனீக்களின் கதையை முழுவதும் சொல்லி முடித்தது. ராணித் தேனீ, வேலைக்காரத் தேனீ, பூக்கள் இருக்கும் திசையை ஒன்றுக்கொன்று எப்படித் தெரிவிக்கின்றன என்பது எல்லாம் அதில் இருந்தது. அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். எக்ஸ்சேஞ்சில் யாராவது அவசரமாகப் பேசும்போது அப்படித்தான் சாய்த்துக்கொள்வாள். பிறகு கேள்விகள் வந்தன. ஒவ்வொரு கேள்வியும் முடிந்ததும் கணினியை நிறுத்தி, பதிலை வாய்விட்டுச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் பத்தியில் தேடிச் சரிபார்த்தேன். முதலாவது சரி. அடுத்ததும் சரி. நடுவில் ஒன்றாவது தப்பாகச் சொல்லிவிட மாட்டாளா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், கடவுளே, அதற்காக வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன். அவள் கடைசிக் கேள்வி வரைக்கும் தப்பே விடவில்லை.

கணினியை மூடினாள். கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்த்தாள்.

"செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சு, வண்டிய எடு" என்றாள். செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டே, கோபமே இல்லாத குரலில், "எல்லாமே தெரிஞ்ச கேள்விதான்டா" என்றாள்.